கிட்னி கொடுக்கப் போகிறவரின் பிரஷர் நோட்டு

ஜூன் 14
காலை 156/96. மாலை 162/100.

இந்த நோட்டைப் போடச் சொன்னவர் டாக்டர் ஜெபசெல்வி. மதுரையில் என் மனைவி செண்பகவல்லிக்கு வைத்தியம் பார்க்கும் சிறுநீரக மருத்துவர். தினமும் இரண்டு வேளை பிரஷர் பார்த்துக் குறிக்க வேண்டுமாம். பக்கத்திலேயே அன்று என்ன சாப்பிட்டேன், எப்படி இருந்தேன் என்று இரண்டு வரி எழுத வேண்டுமாம். இருபத்தாறு வருடமாக மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவனை இரண்டு வரியில் முடிக்கச் சொல்வது அநியாயம். எண்களைத் தனித் தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுவேன். வரிகள் எனக்கு.

செண்பகத்தின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம், அதில் குழம்பு மோரெல்லாம் அடக்கம். அவளுக்கு ஒரு சிறுநீரகம் கொடுக்கப் போகிறவன் நான். ரத்தம் பொருந்துகிறது, திசு பொருந்துகிறது. எங்கள் கோவில்பட்டியில் சாமி பூவனநாதர், அம்மன் செண்பகவல்லி. என் பெயர் பூவநாதன். கல்யாணத்திலேயே பெயர்ப் பொருத்தம் என்று ஊர் மெச்சியது. இப்போது கிட்னியும் பொருந்திவிட்டது என்றதும் அர்ச்சகரிலிருந்து ஆட்டோ ஸ்டாண்டு வரை ஒரே பரவசம். ஒத்துக்கொள்ளாதது இந்த பிரஷர் மிஷின் ஒன்றுதான். 140-க்குக் கீழே இறங்காமல் என்னை அறுவைக்கு எடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கொடுக்கிறேன் என்று அறிவிப்பதற்கு முந்தின மாதம் எனக்கு 128 இருந்தது. தற்செயல்.

ஜூன் 16
காலை 160/98. மாலை 168/100.

கரிசல் முத்தமிழ் மன்றத்தார் எனக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். பொன்னாடை நாலு, சந்தன மாலை ஒன்று, ‘ஈகைச் செம்மல்’ என்று எழுதிய கேடயம் ஒன்று. கிட்னி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. கொடுத்த பிறகு பாராட்டினால் கூட்டத்துக்கு நான் வர முடியுமோ என்னவோ என்று மன்றத் தலைவர் நினைத்திருப்பார். முன்யோசனை உள்ள மனிதர்.

பேசிய ஏழு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். பெண்டாட்டி புருஷனுக்குக் கொடுப்பாள், தாய் மகனுக்குக் கொடுப்பாள், ஆம்பிளை கொடுத்து யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று. பார்த்ததில்லை என்றுதான் கூட்டமும் தலையாட்டியது. நான் ஏற்புரை நாற்பது நிமிடம் ஆற்றினேன். செண்பகத்தின் தங்கை மாரீஸ்வரி கொடுக்கலாமே என்று உறவில் சிலர் சொன்னதையும், ‘சின்னப் பிள்ளைகள் இரண்டு வைத்திருக்கிறாள், நான் இருக்கும்போது அவள் எதற்கு’ என்று நான் கேட்டதையும் குரல் உயர்த்திச் சொன்னேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

நல்லவேளை, பையில் அதிமதுரக் குச்சி இருந்தது. தொண்டை கட்டாமல் காப்பாற்றியது.

ஜூன் 20
காலை 158/98. மாலை 160/96.

உப்பில்லாத சாம்பார். செண்பகம் எட்டு மாதமாக இதைத்தான் முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறாள். நான் ஆறு நாளில் மகாத்மா ஆகிவிட்டேன்.

ஜூன் 27
காலை 162/100. மாலை 156/94.

பதினொன்றாம் வகுப்பில் இன்று ஹார்மோன் பாடம். பாலூட்டிகளின் ரத்த அழுத்தத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை என்னைப்போல் நடத்த இந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. ஓர் அலுவலகக் கோப்பைப் போலத்தான் நடத்துவேன்.

ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்று முதலில் மனுப் போடுவது சிறுநீரகம். மனுவின் பெயர் ரெனின். அது கல்லீரல் அனுப்பி வைத்திருக்கும் ஒரு புரதத்தை வெட்டிக் கோப்பைத் திறக்கிறது. கோப்பு நுரையீரலுக்குப் போகிறது, அங்கே ஒரு முத்திரை. இப்போது அதன் பெயர் ஆஞ்சியோடென்சின் இரண்டு. பதவி உயர்வு கிடைத்ததும் ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கிறது, பிறகு சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிடம் போகிறது. அட்ரீனல், ஆல்டோஸ்டீரோன் என்ற ஆணையைப் பிறப்பிக்கிறது. உப்பை வெளியே விடாதே, பொட்டாசியத்தைத் தள்ளிவிடு. அதே நேரத்தில் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரியும் தண்ணீரை விடாதே என்று ஓர் ஆணை அனுப்புகிறது. உப்பும் தண்ணீரும் தங்கினால் அழுத்தம் ஏறும். மனு எங்கே தொடங்கியதோ அங்கேயே ஆணை வந்து சேர்கிறது. ஒரே வித்தியாசம், உடம்பில் இதெல்லாம் நிமிடக் கணக்கில் நடந்துவிடும்.

கடைசி பெஞ்சு ஷர்மிளா எழுந்து, ஏற்றுவதற்கே இத்தனை பேரா, இறக்க யாருமே இல்லையா என்று கேட்டாள். இருக்கிறது, இதயம். பாரம் தாங்காமல் விரியும்போது இதயமே ஒரு ஹார்மோனைச் சுரந்து, உப்பை விட்டுவிடச் சொல்லிச் சிறுநீரகத்துக்கு எழுதும். ஒரு கூட்டமே ஒரு பக்கம், இதயம் மட்டும் தனியாக ஒரு பக்கம். பெரும்பாலும் தோற்கும் என்றேன். வகுப்பு சிரித்தது.

ஐந்து பீரியடு தொடர்ந்து. குச்சி மூன்று தீர்ந்தது. செண்பகம் பிளாஸ்கில் அதிமதுரம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரும் கொடுத்தனுப்பியிருந்தாள். எனக்கு ஒரு லிட்டர். அவளுக்கு நாள் முழுவதுக்கும் முக்கால்.

ஜூலை 5
காலை 164/100. மாலை 166/102.

மதுரை. பிரஷர் மாத்திரை தொடங்கியாகிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.9. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். மாடிப்படி ஏறும்போது தொடை ஏன் கனத்தது என்று இப்போது தெரிகிறது. நான் வயது என்று நினைத்திருந்தேன்.

தினம் இரண்டு வாழைப்பழம், ஓர் இளநீர் சாப்பிடச் சொன்னார் டாக்டர். செண்பகத்துக்கு இரண்டும் ஆகாது, டயாலிசிஸ்காரர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடும். ஒரே வீட்டில், ஒரே தட்டில் இருக்கும் பழம் எனக்கு மருந்து, அவளுக்கு விஷம். அவளே உரித்துக் கொடுக்கிறாள். உரிக்கும்போது முகர்ந்து பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 19
காலை 166/100. மாலை 160/98.

பொட்டாசியம் குறைந்து பிரஷரும் ஏறினால் அட்ரீனலில் சின்னக் கட்டி இருந்து ஆல்டோஸ்டீரோனைக் கொட்டிக்கொண்டிருக்கலாம் என்று டாக்டருக்குச் சந்தேகம். ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். இன்று முடிவு வந்தது. ஆல்டோஸ்டீரோன் தரைமட்டம். ரெனினும் தரைமட்டம். மனுவும் இல்லை, ஆணையும் இல்லை, ஆனால் வேலை மட்டும் ஜரூராக நடக்கிறது. அரசாங்கத்தில் கேள்விப்பட்டிருக்கிறேன், உடம்பில் இப்போதுதான் பார்க்கிறேன்.

நாட்டு மருந்து, லேகியம், பொடி ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். விலங்கியல் ஆசிரியனைப் பார்த்து. சிரித்துவிட்டு இல்லை என்றேன்.

ஜூலை 30
காலை 164/98. மாலை 158/96.

பரணில் கிடந்த எம்.எஸ்ஸி. உடலியங்கியல் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன். பிரஷர் அதிகம், பொட்டாசியம் குறைவு, ரெனின் குறைவு, ஆல்டோஸ்டீரோன் குறைவு. அட்டவணையில் மூன்று காரணங்கள் இருந்தன. இரண்டு, பிறக்கும்போதே வருகிற அபூர்வ நோய்கள். மூன்றாவது: அதிமதுரம் அளவுக்கு மீறி உண்போர்.

இரண்டு தடவை படித்தேன். அட்ரீனல் இன்னொரு ஹார்மோனையும் சுரக்கிறது, கார்டிசால். பயமோ கவலையோ வந்தால் கூடுதலாகச் சுரப்பது. ஆல்டோஸ்டீரோனைவிட நூறு மடங்குக்கு மேல் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆல்டோஸ்டீரோன் நுழையும் அதே கதவில் அதுவும் நுழைந்து உப்பைப் பிடித்து வைக்க முடியும். நுழையாமல் இருப்பதற்காக சிறுநீரகத்தின் வாசலில் ஒரு நொதியைக் காவலுக்கு வைத்திருக்கிறது இயற்கை. கார்டிசால் வந்தால் அதன் பல்லைப் பிடுங்கி அனுப்பிவிடும். அதிமதுரத்தில் இருக்கும் ஒரு சத்து அந்தக் காவலாளியைத் தூங்கவைத்துவிடுகிறது. கார்டிசால் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு ஆல்டோஸ்டீரோன் மாதிரியே உத்தரவு போடுகிறது. உப்பு தங்குகிறது, பொட்டாசியம் ஓடுகிறது, பிரஷர் ஏறுகிறது. இதற்குமேல் எதற்கு என்று ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் வாயை மூடிக்கொள்கின்றன.

தினம் ஐந்தாறு குச்சியும் ஒரு பிளாஸ்க் தண்ணீரும். நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று புத்தகம் சொல்கிறது.

நாளைக்கு டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும்.

ஜூலை 31
காலை 162/98. மாலை 160/96.

பள்ளியில் ஆய்வு. போன் செய்ய நேரம் இல்லை.

ஆகஸ்ட் 3
காலை 160/98. மாலை 162/98.

போன் செய்தேன். லைன் கிடைக்கவில்லை. ஒரு தடவை அடித்துப் பார்த்தேன்.

தொண்டைதான் ஆசிரியனுக்கு மூலதனம். காலாண்டுத் தேர்வு வரைக்கும் பாடம் நிறைய இருக்கிறது. திடீரென்று குச்சியை நிறுத்தினால் குரல் கட்டிக்கொள்ளும், நூற்றுப்பத்துப் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆவது. நாட்டு மருந்துக் கடையில் இன்னும் கால் கிலோ வாங்கி வைத்தேன்.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன். நான் பொய் சொல்லவில்லை. லேகியம் சாப்பிடுகிறீர்களா, பொடி சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். குச்சி சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9
காலை 166/100. மாலை 146/90.

மதுரை. மூன்று மாத்திரை போட்டும் இறங்காத பிரஷரோடு என்னிடமிருந்து கிட்னியை எடுப்பது எனக்கே ஆபத்து என்றார் டாக்டர். இன்னும் ஒரு மாதம் பார்ப்பாராம், இல்லையென்றால் வேறு ஆளைத் தேட வேண்டியதுதான். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். செண்பகம் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பஸ்ஸில் அவள் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை, ஜன்னலோரம் நல்ல காற்று.

மாலையில் ஏன் இவ்வளவு இறங்கியது என்று தெரியவில்லை. மிஷினில் பேட்டரி தீர்ந்திருக்கலாம்.

சாயங்காலமே ஆறுதல் சொல்ல ஆள் வரத் தொடங்கிவிட்டது. செண்பகத்தை விசாரித்தவர்களைவிட என்னைத் தேற்றியவர்கள் அதிகம். கொடுக்க நினைத்ததே கொடுத்த மாதிரிதான் என்று மன்றத் தலைவர் சொன்னார். கேடயத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12
காலை 150/92. மாலை 170/104.

சாப்பிடும்போது செண்பகம் சொன்னாள், மாரீஸ்வரியை வரச் சொல்லியிருக்கிறாளாம். மாரீஸ்வரி சாத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். புருஷன் திருப்பூரில். வருகிற சனிக்கிழமை மதுரையில் அவளுக்குப் பரிசோதனை.

அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறதே என்றேன். செண்பகம் ரசத்தை அளந்து ஊற்றிக்கொண்டே பதில் சொன்னாள்.

“பெறகு என்ன செய்ய. நீங்களும் ஆசப்பட்டுத்தான் பாத்தீங்க. ஒடம்பு விட மாட்டேங்குதுல்ல.”

அவள் கோவில்பட்டி தபால் ஆபீசில் இருபது வருடமாக கவுண்டரில் இருக்கிறவள். எதைச் சொன்னாலும் முத்திரை குத்துகிற மாதிரிதான் சொல்வாள். அதற்குமேல் பேச ஒன்றும் இருக்காது.

பேட்டரி மாற்றிவிட்டேன். மாலை எண் சரியான எண்தான்.

ஆகஸ்ட் 17
காலை 168/102. மாலை பார்க்கவில்லை.

மதுரை. மாரீஸ்வரி இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெரியவளுக்கு எட்டு, சின்னவளுக்கு நாலு. அக்காளும் தங்கையும் ரத்தம் எடுக்கும் அறைக்குள் போனார்கள். பிள்ளைகளோடு நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு என்ன செய்வார்கள் என்று பெரியவள் கேட்டாள். ஊசி என்றேன். அவ்வளவுதானா என்றாள். அவ்வளவுதான் என்றேன். இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக எதையும் விளக்கியதில்லை.

மாரீஸ்வரி முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வருத்தப்படாதீங்க அத்தான். ஒங்களுக்கு மனசு இருந்துச்சு, குடுத்து வைக்கல. எனக்குக் கையெல்லாம் நடுங்குது, ஆனா அக்காவாச்சே. அந்த ஒரு மாசம் மட்டும் பிள்ளைகள நீங்க பாத்துக்கிடுங்க.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது. சின்னவள் என் மடியில் தூங்கிப்போனாள். இறக்கி வைக்க மனம் வராமல் இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுந்தபோது கால் பிடித்துக்கொண்டது. பொட்டாசியம் குறைவு.

ஆகஸ்ட் 19
காலை 174/106. மாலை 176/106.

எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 21
காலை 172/104. மாலை 154/94.

பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, வீட்டில் பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தனியாக மதுரை போனேன். டாக்டர் ஜெபசெல்வியின் மேசைமேல் கால் கிலோ அதிமதுரப் பொட்டலத்தை வைத்தேன். எப்போதிலிருந்து என்று கேட்டார். ஏழெட்டு வருடமாக, கொடுக்கிறேன் என்று அறிவித்ததிலிருந்து இரண்டு பங்கு என்றேன். காரணம் எப்போது தெரியும் என்று கேட்டார். ஜூலை முப்பது என்றேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“குடுக்கப் பயமா இருந்தா எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே சார். மருத்துவக் காரணத்தால தகுதி இல்லன்னு ஒரே ஒரு வரி எழுதிருப்பேன். ஒங்க வீட்டம்மாவுக்குக்கூடத் தெரியாது. குடுக்க வர்ற எல்லாருக்கும் அந்தக் கதவு தெறந்துதான் இருக்கு. இதுக்காக ஒங்க கிட்னியவே கெடுத்துக்கிட்டு இருந்தீங்களே.”

இரண்டு மாதமாக இந்த நோட்டில் என்னைப் பற்றி எழுதாத ஒரு சொல்லை அங்கே சொன்னேன். பயம். மயக்கம் கொடுத்த பிறகு எழுந்திரிக்காமல் போய்விடுவேனோ என்று பயம். வயிற்றில் தையலோடு குனிந்து நடக்கிற மனிதனாகிவிடுவேனோ என்று பயம். மிச்சமிருக்கும் ஒன்றும் நாளைக்குப் பழுதானால் எனக்கு யார் கொடுப்பார்கள் என்று பயம். கொடுக்கிறேன் என்று ஊரறியச் சொன்ன அன்று ராத்திரியே வந்துவிட்டது. அதற்கப்புறம் ஊர் போர்த்திய ஒவ்வொரு பொன்னாடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. காவலாளியை நான் தூங்கவைத்தேன், உள்ளே புகுந்தது என் பயம்தான். புத்தகத்தில் அதன் பெயர் கார்டிசால்.

இப்போதும் அந்த ஒரு வரியை எழுதித் தரலாம் என்றார் டாக்டர். ஆனால் இன்றைக்குப் பதில் வேண்டாமாம். குச்சியை நிறுத்திவிட்டு, மூன்று வாரம் கழித்து, பிரஷர் இறங்கிய உடம்போடு வந்து சொல்ல வேண்டுமாம். பொட்டலத்தை அவரே வாங்கி வைத்துக்கொண்டார்.

செண்பகத்திடம், டாக்டர் புது மாத்திரை கொடுத்திருக்கிறார், இதில் இறங்கிவிடும் என்கிறார் என்று சொன்னேன். பள்ளிக்குப் போனவனுக்கு டாக்டர் எங்கே கிடைத்தார் என்று அவள் கேட்கவில்லை. மாத்திரையைக் காட்டச் சொல்லியும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 27
காலை 152/94. மாலை 148/92.

குரல் சுத்தமாகக் கட்டிக்கொண்டது. வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். இவ்வளவு தெளிவாக எந்த வருடமும் புரிந்ததில்லை என்று ஷர்மிளா சொன்னாள். குரலைக் காப்பாற்றத்தான் இத்தனையும் செய்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 2
காலை 142/90. மாலை 140/88.

இறங்குகிறது. ஒவ்வொரு நாளும் மிஷினைக் கட்டும்போது கொஞ்சம் மெதுவாக இறங்கினால் என்ன என்று தோன்றுகிறது. இதையும் எழுதி வைக்கிறேன். இனி எழுதாமல் விட்டு என்ன ஆகப்போகிறது.

செப்டம்பர் 8
காலை 132/84. மாலை 130/84.

மாத்திரைகளை ஒவ்வொன்றாக நிறுத்தியாகிவிட்டது. செண்பகத்துக்கு நேற்று டயாலிசிஸில் பிரஷர் தாறுமாறாக இறங்கி மயக்கம் போட்டுவிட்டாள். எனக்கு இறங்காமல் கஷ்டம், அவளுக்கு இறங்குவது நிற்காமல் கஷ்டம். முகத்தில் தண்ணீர் தெளித்தபோது கண் திறக்காமலே உதட்டை நக்கினாள்.

செப்டம்பர் 14
காலை 126/82. டாக்டர் அறையில் 128/80.

பொட்டாசியம் 4.2. ரெனின் பழையபடி மனுப் போடத் தொடங்கிவிட்டது. செண்பகத்தை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் மட்டும் டாக்டர் கேட்டார். முடிவு என்னவானாலும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது என்று தெரிந்தது. அந்த ஒரு வரி எழுத வேண்டிய தாள் மேசையில் இருந்தது. சம்மதப் பத்திரமும் பக்கத்தில் இருந்தது. நான் ஐந்து நிமிடம் பேசவில்லை. என் வாழ்க்கையில் அது சாதனை.

“பயம் போகல டாக்டர். போகும்னும் தோணல. எங்க கையெழுத்துப் போடணும்?”

காட்டினார். மூன்று இடத்தில் போட்டேன். மூன்றும் மூன்று மாதிரி இருந்தது.

வெளியே வந்து செண்பகத்திடம் பிரஷர் இறங்கிவிட்டது, தேதி குறித்தாகிவிட்டது என்றேன். மாரீஸ்வரியை இனி அலையவிட வேண்டாம் என்றும் சொன்னேன்.

“நல்ல மாத்திரதான்” என்றாள்.

செப்டம்பர் 27
காலை 138/86.

மதுரை. நாளை அறுவை. மன்றத்தார் வந்து இன்னொரு பொன்னாடை போர்த்த முயன்றார்கள். தொற்று வரும் என்று சிஸ்டர் வாசலிலேயே விரட்டிவிட்டார். இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் அவர்தான்.

பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

அக்டோபர் 3
என்னுடையது 124/80. அவருடையது 134/84.

இது செண்பகவல்லி எழுதுவது. அவர் அடுத்த அறையில் இருக்கிறார், குனிந்துதான் நடக்கிறார், பத்து நாளில் நிமிர்ந்துவிடலாமாம். நோட்டை அவர் பையிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி சிஸ்டரிடம் கேட்டேன். ஸ்பிரிட் போட்டு அட்டையைத் துடைத்துத்தான் உள்ளே விட்டார்கள்.

வீட்டில் பிரிஜ்ஜின் மேல், பிரஷர் மிஷின் பக்கத்தில், திறந்தே கிடந்த நோட்டு. ஜூன் மாதத்திலிருந்தே படிக்கிறேன். ஒட்டிய கவரைப் பிரிப்பதுதான் குற்றம், திறந்து கிடக்கும் கார்டைப் படிப்பது குற்றமில்லை. இருபது வருட சர்வீசில் இதுகூடத் தெரியாதா எனக்கு.

ஜூலை 30 எழுதியதை மறுநாள் காலையில் படித்தேன். இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று பார்த்தேன். ஆகஸ்ட் 3 படித்ததும் தெரிந்துவிட்டது. என் உடம்பு அழுவதற்குக்கூடத் தண்ணீர் அளந்துவைக்கிற உடம்பு. அழவில்லை. நேரே கேட்டிருந்தால் நாற்பது நிமிடம் பேசியிருப்பார், முடிவில் நான்தான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அதனால் மாரீஸ்வரியை வரச் சொன்னேன்.

மாரீஸ்வரிக்கு ரத்தம் ஏ வகை. எனக்குப் பி. அவள் கிட்னி எனக்கு எந்தக் காலத்திலும் சேராது. அன்றைக்கு அவள் கொடுத்தது தைராய்டு பரிசோதனைக்கு ரத்தம். ரொம்ப நாளாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கை நடுங்குகிறது என்பதை மட்டும் அவளே சேர்த்துக்கொண்டாள். நாலு வருடத்துக்கு முன்னால் சின்னவள் பிறந்தபோது, மாரீஸ்வரிக்கு ஏ ரத்தம் கிடைக்கவில்லை என்றதும், என்னுடையது ஓ வகை, எல்லாருக்கும் சேரும் என்று தன் கையை நீட்டிக்கொண்டு ஓடியவர் இந்த மனிதர்தான். பயத்தில் அதைக்கூட மறந்துவிட்டார். விலங்கியல் வாத்தியார்.

ஆகஸ்ட் 21 படித்த பிறகு எனக்குத்தான் பயம் வந்தது. பயந்தவரை இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கவைக்கப் போகிறேனோ என்று இருந்தது. டாக்டருக்கு நானே போன் செய்தேன். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொன்னால் மருத்துவக் காரணம் என்றே எழுதிவிடுங்கள், எனக்குத் தெரிந்த மாதிரி ஆயுசுக்கும் காட்டிக்கொள்ள மாட்டேன் என்றேன். செப்டம்பர் 14 அன்று அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஐந்து நிமிடம் இருக்கிறதே, அதை என்னால் எழுத முடியாது.

அவர் கிட்னியை வைத்துத் தைத்த அன்றே வேலை தொடங்கிவிட்டது. ஏறக்குறைய ஒரு வருடத்துக்குப் பிறகு எனக்குச் சிறுநீர் பிரிந்தது. முதல் நாளே நான்கு லிட்டர். போகிற அளவுக்குக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று காலையில் சிஸ்டர் ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எவ்வளவு குடிக்கலாம் என்று பழக்கத்தில் கேட்டேன். முழுவதும் என்றார். முழுவதும் குடித்தேன். பிறகு அழுதேன், ஜூலை மாதத்திலிருந்து அழ வேண்டியதையெல்லாம் சேர்த்து அழுதேன்.

சத்தம் கேட்டு என்னவென்று அடுத்த அறையிலிருந்து அவர் ஆள் விட்டுக் கேட்டார். ஒன்றுமில்லை, தண்ணீர் குடிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.